வாசகர் கேள்வி பதில்: கிருமியின் மரபணுப் பட்டியலில் இலக்கு தேடுவது எப்படி?

நோய்க்கிருமிகளின் ஜீனோமிலிருந்து (டிஎன்ஏவின் முழு எழுத்து வரிசையிலிருந்து) மருந்துக்கும் தடுப்பூசிக்கும் இலக்கு தேடும் முறை பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஒரு கிருமியின் ஜீனோமைப் படித்துவிட்டால் மருந்து கிடைத்துவிடும் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எழுத்து வரிசைக்கும் மாத்திரைக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது?

எந்த ஆன்டிபயாடிக்கும் கிருமியில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. பென்சிலின், செல் சுவரைப் பின்னும் நொதிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ரிஃபாம்பிசின், மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதியை அடைக்கிறது. சிப்ரோஃபிளாக்சசின், டிஎன்ஏவின் முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸைப் பிடிக்கிறது. இப்படிப் பிடிபடுவதைத்தான் இலக்கு என்கிறோம். பழைய மருந்துகளில் பெரும்பாலானவை கிருமியைக் கொல்வது முதலில் தெரிந்தது; எதைப் பிடித்துக் கொல்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

1995-ல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே என்ற பாக்டீரியாவின் 18,30,137 எழுத்துகளும் முழுதாகப் படிக்கப்பட்டன. தனித்து வாழும் ஓர் உயிரின் முழு ஜீனோம் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 1998-ல் காசநோய்க் கிருமியின் 44 லட்சம் எழுத்துகள் வந்தன. அதில் சுமார் 4,000 மரபணுக்கள். அதோடு வழியைத் திருப்பிப் போட முடிந்தது. கிருமியிடம் உள்ள புரதங்கள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, அவற்றில் எதைத் தாக்கலாம் என்று முதலில் தேர்ந்தெடுத்து, பிறகு அதற்கு மருந்து தேடலாம்.

ஒன்றை இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கான இலக்கு, கிருமி உயிர்வாழ இன்றியமையாததாக இருக்க வேண்டும். அது செல்லுக்குள் இருந்தாலும் பரவாயில்லை. ஆன்டிபாடியை (கிருமியைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதத்தை) நம்பும் தடுப்பூசியின் இலக்கு, கிருமியின் வெளிப்பரப்பில் ஆன்டிபாடியின் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும். அது இல்லாமல் கிருமி வாழ முடிந்தாலும் பரவாயில்லை. ஜீனோம் ஒன்றுதான், சல்லடை இரண்டு. ஆய்வேடுகளில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

கேள்வி: முதுகலை ஆய்வுக்காக ஒரு பாக்டீரியாவை எடுத்து இலக்குகளைப் பட்டியலிட வேண்டும். வரிசைப்படி என்ன செய்ய வேண்டும்? எங்கே தவறு வரும்?

முதல் தவறு கணினிக்கு வெளியே, கிருமியை வளர்க்கும் தட்டிலேயே நடக்கிறது. ஒற்றைக் காலனியை (ஒரு செல்லிலிருந்து பெருகிய திட்டை) எடுத்து, மறுபடி தீற்றி வளர்த்து, அதிலிருந்தும் ஒற்றைக் காலனியை எடுத்த பிறகே டிஎன்ஏ பிரியுங்கள். கலப்பு இருந்தால் அது கடைசிவரை கூடவே வரும்.

எவ்வளவு படிக்க வேண்டும்? 50 லட்சம் எழுத்து ஜீனோமை 100 மடங்கு (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 100 தடவை) படிக்க 50 கோடி எழுத்துகள் வேண்டும். டிஎன்ஏ துண்டின் இருபுறமும் 150 எழுத்து படிக்கும் கருவியில் ஒரு இணைக்கு 300 எழுத்து. ஆக சுமார் 17 லட்சம் இணைகள். 50 மடங்குக்குக் கீழே போனால் ஓட்டை விழும். 300, 400 மடங்கு என்று ஏற்றிக்கொண்டே போவதாலும் லாபம் இல்லை. படிப்புப் பிழைகளும் கூடவே பெருகி, படித்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் மென்பொருளைத் திணறடிக்கும். அப்படி வந்தால் தரவைக் குறைத்துக்கொண்டு ஒட்டுங்கள்.

ஃபாஸ்ட்பி என்ற மென்பொருள் கொண்டு நுனிகளைச் சுத்தம் செய்து, ஸ்பேட்ஸ் என்ற மென்பொருள் கொண்டு ஒட்டினால், வட்டமான ஒரே குரோமோசோம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல பத்துத் துண்டுகளாகத்தான் வரும். ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுத் தொகுப்பு ஒவ்வொன்றும் சுமார் 5,000 எழுத்து நீளம்; ஈ.கோலை பாக்டீரியாவில் அது 7 இடங்களில் இருக்கிறது. 150 எழுத்துப் படிப்பால் அந்த நீளத்தைத் தாண்டிப் பார்க்க முடியாததால் அங்கெல்லாம் அறுந்துவிடும். துண்டின் விளிம்பில் சிக்கிய மரபணு பாதியாக வரும், அல்லது வரவே வராது. பிறகு 'இந்தக் கிருமியில் இந்த மரபணு இல்லை' என்று எழுதிவிடுவார்கள். நானோபோர் போன்ற நீள்படிப்பும் கூட இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

ஒட்டிய பின், ஜீனோமின் தரத்தை அளக்கும் செக்எம் மென்பொருளை ஓட்டுங்கள். முழுமை 95 சதவீதத்துக்கு மேலும் கலப்பு 5 சதவீதத்துக்குக் கீழும் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மொத்த நீளத்தையும் கண்ணால் பாருங்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் 28 லட்சம் எழுத்துக்குப் பக்கத்தில், ஜிசி அளவு (ஜி, சி என்ற எழுத்துகளின் பங்கு) 33 சதவீதமாக வர வேண்டும். 70 லட்சம் வந்து, ஜிசி வரைபடத்தில் 33-ல் ஒரு மேடும் 50-க்கு மேல் இன்னொரு மேடும் தெரிந்தால், குழாயில் வேறொரு கிருமியும் இருக்கிறது.

அடுத்து, மரபணுக்களுக்குப் பெயரிடுதல். பக்டா அல்லது புரோக்கா மென்பொருள் போதும். கணிசமான மரபணுக்களுக்கு எதிரே 'அறியப்படாத புரதம்' என்றே வரும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். 2016-ல் செயற்கையாகச் சுருக்கி உருவாக்கப்பட்ட செல்லில் 473 மரபணுக்களே இருந்தன. வாழ்வதற்கு வேண்டியவற்றை மட்டுமே விட்டுவைத்த அந்தச் செல்லிலும் 149 மரபணுக்களின் வேலை என்னவென்று தெரியவில்லை.

ஒரே ஒரு ஜீனோமை வைத்து இலக்கு தேடுவது வீண் வேலை. வெவ்வேறு வம்சாவளிகளிலிருந்து குறைந்தது 50 அல்லது 100 ஜீனோம்களைச் சேர்த்து, எல்லா வகைகளிலும் இருக்கும் மையத் தொகுப்பைப் பனரூ போன்ற மென்பொருளால் பிரித்தெடுங்கள். பொதுத் தரவுத்தளத்திலிருந்து இறக்கிய ஜீனோம்களில் சிலவற்றுக்கு ஒரு மென்பொருளும் மற்றவற்றுக்கு இன்னொன்றும் பெயரிட்டிருக்கும். அப்படியே ஒப்பிட்டால், மரபணுவின் தொடக்க எழுத்தை அவை வேறு வேறு இடத்தில் வைத்ததெல்லாம் உண்மையான வேறுபாடு போலத் தெரியும். எழுத்து வரிசையை மட்டும் இறக்கிக்கொண்டு, அனைத்துக்கும் ஒரே மென்பொருளால் நீங்களே பெயரிடுங்கள்.

அதன் பிறகுதான் கழித்தல். மையத் தொகுப்பிலுள்ள புரதங்களைப் பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பீட்டு மென்பொருளில் மனிதனின் சுமார் 20,000 புரதங்களோடு ஒப்பிட்டு, ஒத்திருப்பவற்றை நீக்குவார்கள். ஈ-மதிப்பை (ஒற்றுமை தற்செயலாக இருக்குமா என்று காட்டும் எண்ணை) மட்டும் பார்த்து நீக்காதீர்கள். அது தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து மாறும். தவிர, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைப் பிடிக்கும் ஒரு சிறு பகுதி மட்டும் ஒத்திருந்தாலும் மதிப்பு நன்றாகவே வரும். புரத நீளத்தில் பாதிக்கு மேல் பொருந்துகிறதா, அந்த நீளத்தில் 35 சதவீதத்துக்கு மேல் ஒற்றுமை இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். பிறகு, மற்றக் கிருமிகளில் இன்றியமையாதவை எனத் தெரிந்த மரபணுக்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, வளர்சிதை மாற்றப் பாதையில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால், ஆயிரக்கணக்கில் தொடங்கியது சில பத்துகளில் வந்து நிற்கும்.

கேள்வி: அப்படிக் கழித்து மிஞ்சியவைதானே நல்ல இலக்குகள்?

இல்லை. இந்தச் சல்லடைகள் எதை வெளியே தள்ளுகின்றன என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் இது விளங்கும். இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

டிரைமெதோப்ரிம் தாக்கும் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் மனிதனிலும் உண்டு. அதே நொதி, அதே வேலை. ஆனால் மருந்து உட்காரும் பள்ளத்தின் வடிவத்தில் சிறு வேறுபாடு. அதனால் மனித நொதியைவிடக் கிருமியின் நொதியை அது பல ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. மியூபிரோசின் தாக்கும் ஐசோலியூசில்-டிஆர்என்ஏ சிந்தடேஸும் மனிதனில் உண்டு. 'மனிதனில் ஒத்த புரதம் இருந்தால் நீக்கு' என்ற விதியை அந்தக் காலத்தில் வைத்திருந்தால் இரண்டு மருந்துமே கிடைத்திருக்காது. முழுப் புரதத்தின் ஒற்றுமையை அளப்பதைவிட, மருந்து உட்காரும் பள்ளத்தைச் சுற்றியுள்ள பதினைந்து, இருபது அமினோ அமிலங்களை ஒப்பிடுவதே பயன் தரும்.

இன்னொரு இழப்பு, புரதமே அல்லாத இலக்குகள். டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின், லினெசோலிட் எல்லாம் ரைபோசோமின் ஆர்என்ஏவைப் பிடிக்கின்றன. வான்கோமைசின் செல் சுவரின் கட்டுமானப் பொருளான லிப்பிட் 2-ஐப் பிடிக்கிறது. கோலிஸ்டின் வெளிச்சவ்வின் கொழுப்புச்சர்க்கரையைப் பிடிக்கிறது. புரதப் பட்டியலை மட்டும் சலிக்கும் முறையின் கண்ணில் இவை ஒன்றுகூடப் படாது. ஆனால் காலத்துக்கும் நின்ற மருந்துகளில் பல இந்த வகைதான்.

மூன்றாவதாக, பெயர் ஒன்றாக இருப்பதால் இலக்கும் ஒன்றாகிவிடாது. ஃபாஸ்ஃபோமைசின் 'மர்-ஏ' என்ற செல்சுவர் நொதியைத் தாக்குகிறது. ஈ.கோலையின் மர்-ஏவில் 115-வது இடத்தில் சிஸ்டீன் இருக்கிறது. மருந்து அந்தச் சிஸ்டீனோடுதான் பிணைகிறது. காசநோய்க் கிருமியிலும் மர்-ஏ உண்டு, இன்றியமையாததும்கூட. ஆனால் அந்த இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு அமினோ அமிலம்தான். மருந்துக்குப் பிடிமானம் போய்விட்டது. இதே போல, டிரைக்ளோசான் தாக்கும் 'ஃபேப்-ஐ' நொதி நிமோகாக்கஸில் கிடையாது; அந்த வேலையை அங்கே 'ஃபேப்-கே' என்ற வேறு நொதி செய்கிறது. இதுவெல்லாம் பிளாஸ்ட் மதிப்பெண்ணில் தெரியாது. வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: தரவுத்தள ஒப்பீட்டில் 'இன்றியமையாதது' என்று வந்துவிட்டது. சோதனைக்கூடத்தில் எப்படி உறுதி செய்வது?

தரவுத்தளம் சொல்வது ஊகம்தான்: வேறொரு கிருமியில், வேறொரு ஊடகத்தில், ஒத்த மரபணு இல்லாமல் வளர முடியவில்லை. உங்கள் கிருமியில் கேட்டுப் பார்க்கும் நேரடி வழி டிரான்ஸ்போசான் வரிசையாக்கம். தாவிச் சென்று செருகிக்கொள்ளும் டிஎன்ஏ துண்டை லட்சக்கணக்கான செல்களில் ஆளுக்கொரு இடத்தில் விழச் செய்து, பிழைத்தவற்றையெல்லாம் ஒன்றாகத் திரட்டி (இந்தத் திரட்டைத்தான் நூலகம் என்பார்கள்), எங்கெங்கே செருகல் விழுந்திருக்கிறது என்று படிப்பார்கள். எந்த மரபணுவில் ஒரு செருகலும் இல்லையோ, அதில் விழுந்த செல்கள் செத்துவிட்டன என்று பொருள்.

ஹிமார்1 என்ற டிரான்ஸ்போசான் 'டிஏ' என்ற இரண்டு எழுத்து சேர்ந்து வரும் இடத்தில் மட்டுமே விழும். காசநோய்க் கிருமியில் அப்படிச் சுமார் 74,600 இடங்கள் உண்டு. 2017-ல் வெளியான விரிவான ஆய்வு, சோதனைக்கூட ஊடகத்தில் ஏறக்குறைய 460 மரபணுக்கள் இன்றியமையாதவை என்றது.

கணக்கைக் கவனியுங்கள். உங்கள் நூலகத்தில் பாதி இடங்களில்தான் செருகல் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரபணுவில் 3 டிஏ இடங்கள் இருந்தால், மூன்றும் தற்செயலாகக் காலியாக இருக்க வாய்ப்பு 8-ல் ஒன்று. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 15 இடங்கள் உள்ள மரபணு முழுக்கக் காலியாக இருக்க வாய்ப்பு 32,768-ல் ஒன்று, அதை நம்பலாம். ஆகவே குட்டி மரபணுக்களைப் பற்றி இந்த முறையில் தீர்ப்பு எழுதாதீர்கள். அதோடு, சில டிஏ இடங்களைச் சுற்றியுள்ள எழுத்துகள் காரணமாக ஹிமார்1 அங்கே விழ மறுக்கும். அவற்றைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

அடிக்கடி ஏமாற்றும் இடங்கள் இன்னும் உண்டு. பல மரபணுக்கள் ஒரே தொடராகப் படியெடுக்கப்படுவதால், முன்னால் இருப்பதில் செருகல் விழுந்தால் பின்னால் இருப்பதும் அணைந்துபோகும். குற்றவாளி பின்னவனாக இருக்க, பழி முன்னவன் மேல் விழும். ஒரே வேலைக்கு இரண்டு மரபணு இருந்தால் ஒன்றைத் தட்டினால் ஒன்றும் ஆகாது: ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸில் மர்-ஏ இரண்டு பிரதி, எனவே தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே 'தேவையில்லாதவை'. எலிக்குள் நூலகத்தைச் செலுத்திச் சோதிக்கும்போது, 10 லட்சம் செல் போட்டாலும் சில ஆயிரம் மட்டுமே நிலைகொள்ளும் என்றால், மீதியெல்லாம் தற்செயலாகத் தொலைந்தவை. அவற்றையும் 'நோய்க்குத் தேவையானவை' என்று எண்ணிவிடுவார்கள். எத்தனை செல் நிலைகொள்கிறது என்று முதலில் அளந்துகொண்டு, நூலகத்தை அதற்கேற்ற அளவில் சிறியதாக்குங்கள்.

'இன்றியமையாதது' என்ற சொல் சூழலோடு சேர்ந்தே வரும். கொழுப்பு அமிலம் கட்டும் நொதிகள் பல கிருமிகளுக்குச் சோதனைக்குழாயில் உயிர்நாடி. ஆனால் 2009-ல் வந்த ஆய்வில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே மனித சீரத்திலிருந்து (இரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து) கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொண்டு அந்த நொதிகள் இல்லாமலே வளர்ந்தது. எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாது. ஸ்டஃபிலோகாக்கஸில் அந்தப் பாதையைத் தாக்கும் மருந்து முயற்சி தொடர்கிறது. ஊடகத்தில் சீரம் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை சோதியுங்கள் என்பதே இதிலிருந்து நாங்கள் சொல்வது.

கடைசியாக, 'இருக்கிறதா இல்லையா' என்பதைவிட 'எவ்வளவு குறைந்தால் சாகும்' என்பதே மருந்துக்கு முக்கியம். மருந்து எதையும் நூறு சதவீதம் அணைப்பதில்லை. கிரிஸ்பர் முறையில் ஒரு மரபணுவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தால், சில புரதங்கள் பாதி குறைந்ததுமே கிருமி தடுமாறும். வேறு சிலவற்றில் 95 சதவீதம் போனாலும் சமாளித்துக்கொள்ளும். முதல் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: ஜீனோம் வந்து இவ்வளவு காலமாகியும் இந்த வழியில் வந்த புது ஆன்டிபயாடிக் ஏன் கையில் எண்ணும்படிகூட இல்லை?

நியாயமான கேள்வி. கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் 1995 முதல் 2001 வரை இதை முழுமூச்சாக முயன்று, முடிவை 2007-ல் வெளிப்படையாக எழுதியது. 300-க்கும் மேற்பட்ட மரபணுக்களைச் சோதித்தார்கள். லட்சக்கணக்கான சேர்மங்களை வைத்து 70 தேடல்கள் நடத்தினார்கள். மேலே கொண்டுபோகத் தக்கவையாகக் கிடைத்தவை 5. தோல்வியை மறைக்காமல் எழுதியதற்காக அந்தக் கட்டுரைக்கு இந்தத் துறையே கடன்பட்டிருக்கிறது.

முதல் காரணம், நொதியை அடைக்கும் சேர்மம் கிருமிக்குள் போவதில்லை. கிராம்-நெகட்டிவ் கிருமிக்கு இரண்டு சவ்வு. உள்ளே போனதையும் வெளியே தள்ளும் பம்புகள் வேறு. சோதனைக்குழாயில் நொதியை அருமையாக நிறுத்திய சேர்மம், உயிருள்ள செல்லின் மேல் போட்டால் அசைவே காட்டாது. ஜீனோம் எந்த நொதியை அடைக்க வேண்டும் என்று சொல்லும். அதை எப்படிச் சென்றடைவது என்று சொல்லாது.

இரண்டாவது, ஒற்றைப் புரத இலக்கில் எதிர்ப்பு வேகமாக வரும். ஒரு எழுத்து மாறினால் போதும் என்றால், அந்த மாற்றம் ஏறக்குறைய 10 கோடியிலிருந்து 100 கோடி செல்லுக்கு ஒன்றில் தானாகவே இருக்கும். கடுமையான தொற்றில் அத்தனை செல் உடலில் இருக்கும். லியூசில்-டிஆர்என்ஏ சிந்தடேஸைத் தாக்கிய ஒரு மருந்தைச் சிறுநீர்ப் பாதைத் தொற்றுள்ளவர்களிடம் சோதித்தபோது, 14 பேரில் 3 பேரிடம் சிகிச்சை நடக்கும்போதே எதிர்ப்புள்ள கிருமி தோன்றிவிட்டது. ஆர்என்ஏ இலக்குகள் பல பிரதிகளில் இருப்பதும், செல்சுவர் மருந்துகள் ஒரே நேரத்தில் பல நொதிகளைப் பிடிப்பதும் பழைய மருந்துகள் தாங்கி நின்றதற்குக் காரணம்.

அதனால் ஜீனோம் பயன்படவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இன்று அது எதிர்ப்பக்கத்திலிருந்து வேலை செய்கிறது. முழுக் கிருமியைக் கொல்லும் சேர்மத்தை முதலில் பிடிப்பது. அதிலிருந்து தப்பிய கிருமிகளின் ஜீனோமைப் படித்து, எது மாறியது என்று பார்ப்பது. காசநோய் மருந்தான பெடாகுவிலினின் இலக்கு 2005-ல் இப்படித்தான் தெரிந்தது: தப்பிய கிருமிகளில் ஏடிபி உண்டாக்கும் இயந்திரத்தின் ஒரு பாகத்துக்கான 'ஏடிபி-ஈ' மரபணு மாறியிருந்தது. 2012 டிசம்பரில் அந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அசினெட்டோபாக்டரைத் தாக்கும் சோசுராபால்பின், கொழுப்புச்சர்க்கரையை வெளிச்சவ்வுக்குக் கடத்தும் இயந்திரத்தைப் பிடிக்கிறது என்பதற்கும் தப்பிய கிருமிகளின் ஜீனோம் சான்று கொடுத்தது.

இதைச் செய்வோருக்கு மூன்று எச்சரிக்கை. ஒப்பீட்டுக்குத் தரவுத்தள ஜீனோமை எடுக்காதீர்கள். உங்கள் தாய்க் கிருமியையே படியுங்கள், இல்லையேல் சம்பந்தமில்லாத மாற்றங்கள் குவியும். ஒரே குடுவையில் வளர்ந்த ஐந்து தப்பியவை ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம். வெவ்வேறு குடுவைகளிலிருந்து எடுத்தவற்றில் அதே மரபணு மாறியிருந்தால்தான் சான்று. மாறிய மரபணு எப்போதும் இலக்கே என்று முடிவு கட்டாதீர்கள்: பெடாகுவிலினிலேயே, மருந்தை வெளியேற்றும் பம்பைக் கட்டுப்படுத்தும் 'ஆர்வி0678' மரபணு மாறியும் எதிர்ப்பு வருகிறது. சந்தேகம் தீர, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் சுத்தமான கிருமியில் புகுத்திப் பார்க்க வேண்டும்.

கேள்வி: தடுப்பூசியில் இந்த முறை வென்றது என்கிறார்களே. எப்படி?

மூளையுறைக் காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸின் பி வகைதான் நல்ல எடுத்துக்காட்டு. மற்ற வகைகளுக்கு மேலுறைச் சர்க்கரையை வைத்தே தடுப்பூசி செய்துவிட்டார்கள். பி வகையின் மேலுறைச் சர்க்கரை, மனித நரம்புச் செல் பரப்பிலுள்ள சர்க்கரையைப் போலவே இருப்பதால் உடல் அதை அந்நியமாகக் கருதுவதில்லை. எனவே புரதம்தான் வழி. எந்தப் புரதம் என்று தெரியாது.

ரினோ ரப்பூலியின் குழு ஜீனோமிலிருந்து தொடங்கியது. சுமார் 22 லட்சம் எழுத்துகளில், வெளியே தெரியக்கூடியவை என்று கணினி காட்டியவை ஏறத்தாழ 570. அவற்றை ஈ.கோலையில் உருவாக்க முயன்றதில் 350 கிடைத்தன. 350-ஐயும் எலிகளுக்குச் செலுத்தி, அவற்றின் சீரம் கிருமியைக் கொல்கிறதா என்று சோதித்தார்கள். 28 தேறின. 2000-த்தில் வெளிவந்த இந்த வேலையிலிருந்துதான் பெக்ஸெரோ தடுப்பூசியின் மூன்று புரதங்கள் வந்தன: காரணி-எச் பிணைப்புப் புரதம், நாட்-ஏ, ஹெபாரின் பிணைப்புப் புரதம். அவற்றோடு நியூசிலாந்து வகைக் கிருமியின் வெளிச்சவ்வுக் குமிழ்களும் சேர்ந்தன. ஐரோப்பாவில் 2013 ஜனவரியில் அனுமதி. பிரிட்டனில் 2015 செப்டம்பரிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும்.

ஜீனோமிலிருந்து ஊசிவரை 13 ஆண்டுகள். கணினி வேலை அதில் சிறு பகுதி. 350 புரதத்தையும் கையால் செய்து சோதித்ததுதான் பெரும் பகுதி. அந்த 28-ஐ எந்த மென்பொருளும் முன்கூட்டிப் பொறுக்கித் தந்திருக்காது.

நீங்கள் செய்யும்போது: புரதம் செல்லில் எங்கே போகும் என்று கணிக்கும் பிசார்ட்பி, சிக்னல்பி இரண்டும் ஒத்துச் சொன்னால் நம்பிக்கை கூடும். சவ்வைத் துளைக்கும் சுருள்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒதுக்குவது வழக்கம், ஈ.கோலையில் அவை சரியாக மடிந்து உருவாகாது. வெளிச்சவ்வின் பீப்பாய் வடிவப் புரதங்கள் அந்தக் கணக்கில் வராது, அவற்றைத் தனியே தேடுங்கள். பிறகு வகைக்கு வகை எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். காரணி-எச் பிணைப்புப் புரதத்துக்கே இரண்டு பெரும் குடும்பம் உண்டு, ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடி மற்றதை நன்றாகக் கொல்லாது. அதனால்தான் டிரூமென்பா தடுப்பூசியில் இரண்டையும் சேர்த்தார்கள்.

கேள்வி: பல புரதங்களிலிருந்து எபிடோப் (நோயெதிர்ப்பு மண்டலம் அடையாளம் காணும் பகுதி) துண்டுகளைப் பொறுக்கி, இணைத்து, கணினியிலேயே தடுப்பூசி வடிவமைத்ததாக நிறையக் கட்டுரைகள் வருகின்றனவே?

வருகின்றன. பெரும்பாலானவை ஒரு எலியைக்கூடப் பார்க்காமல் முடிந்துவிடுகின்றன. ஆன்டிபாடி பிடிக்கும் இடங்களில் பெரும்பகுதி, புரதம் மடிந்த பிறகு தூரத்து அமினோ அமிலங்கள் அருகருகே வந்து உருவாகுபவை. நேர்க்கோடாக வெட்டிய பத்துப் பதினைந்து அமினோ அமிலத் துண்டில் அந்த வடிவம் இருக்காது. வாக்ஸிஜென் என்ற கணிப்பு மென்பொருளில் 0.4-ஐத் தாண்டியது என்பது வடிகட்டத்தான் உதவும், நிரூபணம் ஆகாது. முழுப் புரதத்தையோ அதன் ஒரு முழு மடிப்புப் பகுதியையோ எடுத்து, ஒன்றையாவது செய்து பார்த்து, சீரம் உயிருள்ள கிருமியைக் கொல்கிறதா அல்லது வெள்ளையணுக்கள் விழுங்க உதவுகிறதா என்று காட்டுங்கள். நூறு பக்கக் கணிப்பைவிட அந்த ஒரு சோதனை கனமானது.

எலியில் வென்றதும் மனிதரில் தோற்கலாம். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இரும்பைத் திருடப் பயன்படுத்தும் 'ஐஎஸ்டி-பி' புரதத்தால் ஆன வி710 தடுப்பூசி, இதய அறுவைக்குப் போகும் சுமார் 8,000 பேரிடம் சோதிக்கப்பட்டு 2011-ல் நிறுத்தப்பட்டது. தொற்றைத் தடுக்கவில்லை, தொற்று வந்தவர்களில், ஊசி போட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. சோதனை எலி அந்தக் கிருமியைப் பெரும்பாலும் முன்பு சந்தித்ததே இல்லை. மனிதரோ பிறந்ததிலிருந்து மூக்கிலும் தோலிலும் அதோடு பழகியவர்கள்.

கேள்வி: ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் கணித்த புரத வடிவம் இருந்தால் டாக்கிங் (சேர்மம் புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்று கணினியில் பார்ப்பது) போதுமா? மடிக்கணினியில் இதெல்லாம் நடக்குமா?

ஒவ்வொரு பகுதிக்கும் அது தரும் நம்பிக்கை மதிப்பெண்ணைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருக்கும் வளைவுகளில் பள்ளம் தேட வேண்டாம். மருந்து உட்காரும்போது பள்ளம் விரியலாம், மூடலாம். கணித்த வடிவம் அதைக் காட்டுவதில்லை. டாக்கிங் எண்ணை வைத்துச் சேர்மங்களைத் தரவரிசைப்படுத்தாதீர்கள், கழித்துக்கட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி நினைவகம் உள்ள கணினி ஒரு பாக்டீரியாவை ஒட்டிப் பெயரிடப் போதும்.

கேள்வி: ஒரு கிருமிக்குச் செய்த தடுப்பூசி இன்னொன்றுக்கும் உதவுமா?

மெனிஞ்சோகாக்கஸும் கொனோரியாக் கிருமியும் நெருங்கிய உறவு. ஜீனோமில் 80 முதல் 90 சதவீதம் ஒன்றுதான். நியூசிலாந்தில் வெளிச்சவ்வுக் குமிழ்களை மட்டும் கொண்ட பி வகைத் தடுப்பூசி போட்டவர்களிடம் கொனோரியா 31 சதவீதம் குறைந்திருந்ததை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதே குமிழ்கள் பெக்ஸெரோவிலும் உண்டு. இங்கிலாந்தில் 2025 ஆகஸ்டிலிருந்து, தொற்று அபாயம் அதிகமுள்ளவர்களுக்குக் கொனோரியாவுக்காகவே அதைப் போடுகிறார்கள்.

பெக்ஸெரோவின் மூன்று புரதங்களையும் கொனோரியாக் கிருமியின் ஜீனோமில் தேடிப் பாருங்கள். நாட்-ஏ இல்லை. ஹெபாரின் பிணைப்புப் புரதம் இருக்கிறது, பரப்பிலும் தெரிகிறது. காரணி-எச் பிணைப்புப் புரதத்தின் மரபணுவும் அழகாக இருக்கிறது, பிளாஸ்ட் நல்ல மதிப்பெண்ணே தரும். ஆனால் அதை வெளிப்பரப்புக்குக் கொண்டுசெல்லும் முன்குறி வரிசை அதில் இல்லை. புரதம் செல்லின் வெளியே வருவதில்லை, ஆன்டிபாடிக்கு அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.